கணக்கில் வராத முப்பத்தோராண்டு

1871 மார்ச் 27. இலங்கைத் தீவு முழுவதும் ஒரே நாளில் தலை எண்ணப்பட்டது அன்றுதான் முதல் தடவை. கூட்டிப் பார்த்தபோது 24,00,380 பேர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரை ஊர்களும் அந்தக் கணக்குக்குள் வந்தன.

அதற்கு முன்பு ஒல்லாந்தர் தோம்பு என்ற காணி, ஆள் பதிவேட்டை எழுதினார்கள். ஆங்கிலேயர் 1814இலும் 1824இலும் எண்ணிப் பார்த்தார்கள். தோம்பில் பெயர் ஏறினால் வரியும் ஊழியமும் கூடவே ஏறும். ஏட்டோடு வருபவரைக் கண்டு சனம் பயந்ததில் நியாயம் இருந்தது.

இதே பிரித்தானியர் கென்யாவில் ஆப்பிரிக்கர்களை முறையாக எண்ணியது 1948இல்தான். அதுவரை குடிசை வரிக் கணக்கைப் பெருக்கிப் போட்ட உத்தேசம்தான். அந்த வகையில் இலங்கை முந்திக்கொண்டது. ஆனால் இங்கே ஆளை எண்ணியதோடு நிற்கவில்லை, வகுத்தும் வைத்தார்கள்.

1901 கணக்கெடுப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அடுத்த 1911 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல்கள் பிரிந்தன. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர் நிரலில் இருந்த மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியபோது, அந்தக் கோடு வெறுமனே தாளில் போட்ட கோடாக இருக்கவில்லை.

தீவின் பழங்குடிகளான வேடர்களின் கதை இன்னும் வேதனையானது. 1911இல் சுமார் 5,300 பேர். 1963இல் சுமார் 400. அரை நூற்றாண்டில் அத்தனை பேரும் மாண்டுபோகவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரை, கதிரவெளிப் பக்கத்து வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் பலர் தமிழர் நிரலுக்குள் போய்விட்டார்கள். ஆட்கள் இருக்க, தாளில் மட்டும் ஓர் இனம் தேய்ந்தது. பிற்கால அறிக்கைகளில் அவர்களுக்குத் தனி நிரலே இல்லாமல் போயிற்று.

1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்துப்போட்டு மூன்று வருடம் ஆகுமுன்னர் 1981 கணக்கெடுப்பு நடந்தது. மாவட்டத்தில் 3,30,333 பேர். பிறகு யுத்தம். 1991இல் கணக்கெடுப்பே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் வேலை முழுதாக முடிந்தது. அந்தப் பதினெட்டில் மட்டக்களப்பு இல்லை. வெல்லாவெளி உள்ளிட்ட படுவான்கரை அப்போது விடுதலைப் புலிகளின் பக்கம் இருந்தது.

2012இல் மறுபடி முழுமையாக எண்ணியபோது மாவட்டத்தின் தொகை ஐந்தேகால் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வளர்ச்சி என்று அதை வாசித்துவிட்டு நகர முடியாது. அது அன்று அங்கே உயிரோடு இருந்தவர்களின் தொகை. 1981க்குப் பிறகு படுவான்கரையில் பிறந்து, 2012க்கு முன்னரே செத்துப்போன பிள்ளைக்கு எந்தக் கணக்கெடுப்பின் முழுத் தொகையிலும் இடமில்லை.