ஆங்கிலக் குத்துச்சண்டையும் வடசென்னைக் கதையும்: புனைவு எந்தக் காலத்துக்குச் சான்று?

1. கேள்வி

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தை எழுபதுகளின் வடசென்னைக்கு ஆவணமாகவே பலர் கொள்கிறார்கள். நவீனக் குத்துச்சண்டை பிரிட்டிஷ் வெகுமக்கள் பண்பாட்டில் முளைத்தது. அங்கே அது கதையான விதத்தோடு ஒப்பிட்டால்தான் இப்படத்தின் சான்று மதிப்பு விளங்கும்.

2. இங்கிலாந்தில்

வெறுங்கைச் சண்டைக்கு 1743இல் ஜாக் பிராட்டன் விதி வகுத்தார். கையுறையும் மூன்று நிமிட ரவுண்டும் 1867இன் குயின்ஸ்பரி விதிகளில் வந்தவை. பழைய ஆட்டம் மங்கிய பிறகே ஆர்தர் கோனன் டாயில் ‘ராட்னி ஸ்டோன்’ (1896) நாவலை எழுதினார். கதை நடப்பதோ நெப்போலியன் காலத்தில். பிரபுக்கள் பணம் கட்ட, எளியவர்கள் ரத்தம் சிந்திய களம் அதில் வீரத்தின் பொற்காலமாகிறது. அவருடைய ஷெர்லாக் ஹோம்ஸும் குத்துச்சண்டை தெரிந்தவர்தான். ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் அது வெளிப்படும் இடம், ‘பாண்டிச்சேரி லாட்ஜ்’ என்ற லண்டன் வீட்டின் வாசல். இந்தியாவிலிருந்து செல்வத்தோடு திரும்பிய ராணுவ அதிகாரி வாழ்ந்த வீடு அது. இந்த ஆட்டத்தின் கதையில் காலனியின் பணமும் அருகிலேயே இருக்கிறது.

3. துறைமுகத்தில்

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. ரயிலும் துறைமுகமும் ஆங்கிலேயரையும் ஆங்கிலோ இந்தியரையும் தமிழ்த் தொழிலாளரையும் நெருங்கி வாழவைத்தன, ஆட்டம் கைமாறியது. விதிகள் மாறவில்லை, அமைப்பு மாறியது. பணம் கட்டிய பிரபுவின் இடத்துக்குப் பயிற்சி தரும் வாத்தியார் வந்தார். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மானம் மேடையேறியது.

4. படத்தில்

படத்தின் நாயகனான துறைமுகத் தொழிலாளி கபிலன் சண்டையிடும்போதே தமிழ்நாட்டின் திமுக ஆட்சி கலைகிறது. திமுககாரரான அவருடைய ரங்கன் வாத்தியார் நெருக்கடிநிலைக் கால மிசா சட்டத்தில் கைதாகிறார். 1976 ஜனவரி 31 ஆட்சிக் கலைப்பு வரலாறு. ஆனால் எதிர்ப் பரம்பரை வீரன் டான்ஸிங் ரோஸின் கால் ஆட்டம் ஷெஃபீல்டின் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதை நினைவூட்டுவது. அவர் பிறந்ததே 1974இல். உலகப் பட்டம் வென்றது 1995இல். எழுபதுகளின் மேடையில் தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் ஆட்டம் நடக்கிறது. இதைப் பிழையென்று தள்ளுவது வறட்டு வாசிப்பு. தன் தலைமுறை ரசித்த ஆட்டத்தை முன்னோருக்குச் சூட்டிப் பார்க்கும் நினைவின் வேலை இது. டாயிலும் கடந்த காலத்தைத் தன் விருப்பப்படி அழகாக்கினார், பிரபுக்களின் பக்கம் நின்று. இரஞ்சித் நிற்பது தொழிலாளியின் பக்கம். எனக்கு அந்த வேறுபாடே பெரிது.

ஆக, படம் நினைவுக்கே சான்று. எழுபதுகளின் ஆட்டமுறைக்கோ அன்று மேடையேறியவர்களின் வாய்மொழியே முதற்சான்று. பரம்பரைக்குள் யாரைச் சேர்த்தார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுப் பதிய வேண்டும். அவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். இந்த வேலை இப்போதே தொடங்க வேண்டியது.