செய்தித்தாளில் விழுந்த சொட்டு

நான் ஓய்வு பெற்று நாமக்கல் பக்கம் மனைவியின் ஊருக்குக் குடிவந்தபோது, மாமனார் விட்டுச்சென்ற பழைய மாசி பெர்குசன் டிராக்டரும் என் பொறுப்பில் சேர்ந்தது. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். "பழைய வண்டிங்க மாமா, அப்படித்தான்" என்பார் மைத்துனர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, வாழ்நாளெல்லாம் கோப்பு பார்த்த குமாஸ்தாவான எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

ஒருநாள் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைக்குப் போகும்போது, வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டியவன் மைத்துனர் மகன். வண்டியைக் கியரிலேயே அடக்கி, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டான். பிழைத்தது தெய்வச் செயல்.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "ஏனுங்க சார், பிரேக்குல குத்தமில்லைங்க. ஆக்சில் சீல் தேஞ்சு ஆயில் உள்ள வந்துருச்சு. லிஃப்ட்டும் மெதுவாத்தானே தூக்குது?"

உண்மைதான். பல மாதமாகக் கலப்பை மெதுவாகவே எழுந்தது. பம்பு கெட்டுவிட்டது என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பிறகு தேடிப் படித்தேன்.

1884-ல் வட அயர்லாந்தில் பிறந்தவர் ஹாரி பெர்குசன். அக்காலத்தில் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் பூட்டி வெறுமனே இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும்படி செய்தார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை அவருடைய சாம்பல் நிற டிராக்டர்கள் 5 லட்சத்துக்கு மேல் தயாராயின. பிரான்சிலும் செய்தார்கள், அங்கே அதற்கு ‘ப்தி க்ரி’, அதாவது ‘சின்னச் சாம்பல்’ என்று செல்லப்பெயர். 1953-ல் அவர் கம்பெனி கனடாவின் மாசி ஹாரிஸோடு இணைந்தது. 1960-ல் தொடங்கிய டாஃபே மூலம் அந்த வம்சம் சென்னைக்கு வந்தது.

அந்த அமைப்பில் பம்பு பின்பக்கப் பெட்டிக்குள் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். கியருக்கும் கிரவுனுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். சக்கரத்துப் பக்கம் ஒழுகினால் பிரேக் நனையும். பெட்டியில் அளவு குறைந்தால் லிஃப்ட் தளரும். இரண்டு புகாருக்கும் ஒரே காரணம். குற்றம் வண்டியுடையது அல்ல, சீலை மாற்றாத எங்களுடையது.

பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த முறை இது. முதலில் டீசல் போட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். ஏனென்றால், சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. எண்ணெய் வழிந்து வேறிடத்தில் சொட்டும். சிறிது நேரம் ஓட்டிவிட்டு, இரவில் அடியில் செய்தித்தாள் விரிக்கவேண்டும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தால் கியர் ஆயில். தண்ணீர்போல் இருந்தால் ரேடியேட்டர். டீசலை மூக்கே சொல்லிவிடும். கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் காட்டர் பின்னும் உண்டு. அங்கே கறுப்பாகச் சொட்டினால் கிராங்க் சீல். தேன் நிறமானால் கியர்பாக்ஸ் சீல். அந்தத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் எண்ணெய் கிளட்ச் தட்டில் ஏறிவிடும்.

இப்போது சனிக்கிழமை இரவுதோறும் வண்டிக்கடியில் தாள் விரிக்கிறேன். மறுநாள் காலை அதில் தேதி எழுதிக் கோப்பில் வைக்கிறேன். மைத்துனர் மகன் சிரிக்கிறான். ஆனால் பாரம் ஏற்றும் முன் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறான்.