விமானப் பயணத்தின் இரு அத்தாட்சிகள்

ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், நல்லது கெட்டது என்றால் விமானம் ஏறிச் சென்னைக்கு விரைகிறோம். விமானியின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஆயினும் உயிரை அவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக நிற்பவை அரசாங்கம் வழங்கும் இரண்டு அத்தாட்சிகள். ஒன்று விமானிக்கு, மற்றொன்று விமானத்தை நடத்தும் கம்பெனிக்கு.

இந்தியாவின் முதல் விமானி லைசென்ஸை 1929 பிப்ரவரி 10-இல் ஜே. ஆர். டி. டாட்டா பெற்றார். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குச் சேர்ப்பித்தார். பின்னர் 1934-இல் விமானச் சட்டமும் 1937-இல் விமான விதிகளும் பிறந்தன. சொந்த விருப்பத்துக்காகப் பறப்பவர் வேறு, ஊதியத்துக்காகப் பறப்பவர் வேறு என்று விதிகள் வகுத்தன. இன்று வர்த்தக விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரமும், பெரிய பயணி விமானத்தின் தலைமை விமானிக்குரிய லைசென்ஸ் பெற 1500 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். கடுமையான மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

இரண்டாவது அத்தாட்சியின் அருமையையோ நாம் பட்டுத்தான் அறிந்தோம். உலகப் போர் முடிந்ததும் டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. கம்பெனிகள் பெருகின. 1946-இல் அமைந்த லைசென்ஸ் வாரியம், இருந்த பயணிகளுக்கு வேண்டியதைவிட அதிகமான கம்பெனிகளுக்கு அனுமதி அளித்தது. நஷ்டம் வளர்ந்தது. 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இக்குறையை எடுத்துக் காட்டியது. 1953-இல் விமானப் போக்குவரத்து தேசியமயமாயிற்று. எட்டுக் கம்பெனிகள் இணைந்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாயிற்று.

1994-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று ஒரு கம்பெனி விமானங்களை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. பழுதுபார்க்கும் ஏற்பாடு, விமானிகளின் பயிற்சி, அவர்களுடைய ஓய்வு நேரம் முதலிய அனைத்தையும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சோதித்த பின்னரே அத்தாட்சி கிடைக்கும். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது.

கையில் பணம் வற்றிய கம்பெனி, பழுதுபார்க்கும் செலவிலும் விமானியின் ஓய்விலுமே முதலில் கைவைக்கத் துணியும். எவ்வளவு தேர்ந்த விமானியானாலும் அக்குறையைத் தம் கைத்திறனால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே, புறப்பாடு தாமதமாகும்போது நாம் சற்றுப் பொறுப்போம். விதிப்படி ஓய்வு பெறாத விமானி, நம்மை உரிய நேரத்தில் ஊர் சேர்ப்பதற்காகப் பறக்க வேண்டியதில்லை.