வணிகத் தொடர்பாடல் சட்டம் (இலங்கை)

ஒரு கடையோ கம்பனியோ தன் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பற்றுச்சீட்டிலும் பொதியுறையிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் எதைச் சொல்லியே ஆக வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று வகுக்கும் விதிகள். இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல சட்டங்களில் சிதறிக் கிடப்பது.

1861இலேயே கூட்டுப் பங்குக் கம்பனிகளுக்குக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. சிறு வியாபாரியைத் தொட்டதோ 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். எதிரி நாட்டவர் வேறு பெயருக்குள் ஒளிந்து வணிகம் செய்வார்கள் என்ற போர்க்கால அச்சத்தில் பிரித்தானியா 1916இல் இயற்றிய சட்டத்தின் வழிவந்தது அது. சொந்தப் பெயரிலன்றி வேறு பெயரில் தொழில் நடத்துபவர் அதைப் பதிய வேண்டும். சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும். அந்தப் போர் முடிந்து எத்தனையோ காலம். சான்றிதழ் இன்றும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பதிவு இப்போது மாகாண நிருவாகத்தின் பொறுப்பு. உதாரணமாக, ஆரையம்பதியில் கடை திறப்பவர் ஊரிலேயே உள்ள மண்முனைப்பற்று பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கிறார்.

கம்பனிகளுக்கான விதிகள் 1938, 1982, 2007 என மூன்று முறை புதிதாக எழுதப்பட்டன. இப்போதுள்ள 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, கடிதம், விலைப்பட்டி, பற்றுச்சீட்டு அனைத்திலும் கம்பனியின் பெயரும் பதிவிலக்கமும் இருக்க வேண்டும்.

பெரிய சண்டை சிகரெட் பெட்டியின் மேல் நடந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபான விளம்பரங்களைத் தடுத்தபின், கம்பனிக்குப் பேச எஞ்சிய இடம் பெட்டியின் முகப்புத்தான். அதிலும் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கச் சொல்லி 2012இல் சுகாதார அமைச்சு ஒழுங்குவிதி கொண்டுவந்தது. சிலோன் டொபாக்கோ கம்பனி வழக்குப் போட்டது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் படத்தின் அளவை 50 முதல் 60 சதவீதமாகக் குறைத்தது. பாராளுமன்றம் விடவில்லை, 2015இல் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை மீட்டது. விற்பவனின் பொதியில் அரசு எவ்வளவு பேசலாம் என்பதற்கு இந்நாட்டில் இதைவிடத் தெளிவான விடை இல்லை.

சாதாரணக் கடைக்காரருக்குப் பொருந்துவது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்: விலைப்பட்டியலைத் தெரியும்படி வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும், பொருளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. 2006இல் வந்த இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலில் முடித்த உடன்பாட்டுக்கும் சட்ட வலு தந்தது. காணி விற்பனை, மரண சாசனம் போன்ற சில மட்டும் இன்னும் காகிதத்தில்தான். விளம்பரக் குறுஞ்செய்திக்கு முன்கூட்டிய சம்மதம் கோரும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியும், அதன் முழு அமுலாக்கம் தள்ளிப்போடப்பட்டது.

மொழிதான் ஓட்டை. தமிழை அரசகரும மொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பலன் அரச அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. தனியார் கம்பனியின் கடிதத்தை அது தொடாது. வங்கி, நிதிக் கம்பனிகளுக்கு மட்டும் மத்திய வங்கியின் விதிகள் வாடிக்கையாளர் விரும்பும் மொழியைப் பேணச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் அச்சிட்ட லீசிங் ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்து வைக்குமுன் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.