வாயில் திறந்தால் போதுமா?

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த காலை, 1928-இல், அமைச்சர் முத்தையா முதலியாரின் ஆணை அரசுப் பணிகளில் வகுப்புரிமையை நடைமுறையாக்கிற்று. கல்லூரிகளில் நிலவிய அவ்வுரிமையை 1951-இல் உச்சநீதிமன்றம் வீழ்த்திற்று, தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. வரிசையின் கடைசியில் நின்ற அருந்ததியர்க்கு 2009-இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2024-இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகுந்த மாணவனுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் தந்தது.

வாயில் திறந்தது, வழிச்செலவும் கிடைத்தது. வழிகாட்டி எங்கே? சேலம், நாமக்கல் சிற்றூர்களிலிருந்து, குடும்பத்தில் முதல்வனாய்க் கல்லூரி ஏறும் அருந்ததிய இளைஞன் பாடம் விளங்காவிடில் யாரைக் கேட்பான்? தேர்வில் தவறினால் தேற்றுவார் யார்? தலைமுறையாய்ப் படித்த வீட்டிலோ தமையனே ஆசான்!

பட்டம் பெற்ற தோழர்களே! ஆளுக்கொரு மாணவனைத் தம்பியாய் ஏற்பீர். சட்டம் இடம் தரும். தோழமையே பட்டம் வரை துணைவரும்.