காணியும் குழியும்: அளவைப் பெயர் மயக்கம்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை, 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆகும்வரை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இப்பகுதியில் ஒரே நிலம் பேச்சில் கிரவுண்டு, சென்ட் என்றும், பத்திரத்தில் சதுர அடி என்றும், பட்டாவில் ஏர்ஸ் என்றும் வழங்குகின்றது. வாங்குவோர் மயங்குதல் இயல்பே. அதனைக் கணக்கறியாமை என்று தள்ளுவாரும் உளர், அது பொருந்தாது. பெயர் நிற்க அளவு மாறியமையே மயக்கத்திற்குக் காரணம் எனலாம்.

காணி என்னும் சொல்லை நோக்குக. பின்ன வாய்பாட்டில் அஃது எண்பதில் ஒரு கூறு. சோழநாட்டு வேலியாகிய 2,88,000 சதுர அடியை எண்பதாற் பகுப்பின் வருவது 3,600 சதுர அடி. தொண்டைமண்டல வழக்கிலோ காணி என்பது 57,600 சதுர அடி. ஒரே பெயர்க்குப் பதினாறு மடங்கு வேறுபாடு!

குழியும் அத்தகையதே. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலமே குழியாகும். கல்வெட்டுகளிற் பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் காணப்படுகின்றன. கோல்கள் மூன்றுக்கு நான்கு என நிற்றலின் குழிகளும் அவ்வாறே நிற்கும் என்று கொள்வது எளிதில் நேரும் பிழை. இக்கட்டுரையாளனும் முதலில் அவ்வாறே கணித்தான். உண்மையில் அவை 144-க்கு 256, அதாவது ஒன்பதுக்குப் பதினாறு. ஆதலின் கோலை நோக்காது குழியை மட்டும் எண்ணி ஊர்களின் நிலப்பரப்பை ஒப்பிடுவார் முடிபுகள் ஏற்கத்தக்கன அல்ல.

கிரவுண்டு 2,400 சதுர அடி, சென்ட் 435.6. ஐந்தரை சென்ட் ஒரு கிரவுண்டு என்பது மக்கள் வழக்கு. பெருக்கினால் வருவது 2,395.8. ஒரு மனைக்குக் குறைவது 4.2 சதுர அடியே. இருபத்துநான்கு கிரவுண்டு கொண்ட காணிக்கோ 100.8.