மறு கண்ணின் வரலாறு

ஒரு கண்ணில் விழித்திரை நாளம் அடைபட்டவருக்கு மற்றக் கண் எவ்வாறுள்ளது என்னும் வினா மருத்துவ வரலாற்றிற் காலந்தாழ்த்தியே முக்கியத்துவம் பெற்றது. அறியாமை மட்டும் இதற்குக் காரணமன்று. எதனைக் காண்பது, எதனை நோயெனக் கொள்வது என்பவற்றைக் கருவியும் சிந்தனை மரபும் சேர்ந்தே தீர்மானித்தன.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண வழிசெய்தார். 1878இல் யூலியஸ் ஃபொன் மிக்கேல் மைய நாளத்தின் குருதியுறைவைத் தனி நோயாக விளக்கினார். குருதியுறைவு பற்றிய நவீன விளக்கத்துக்கு அடிகோலியவர் ருடோல்ஃப் விர்ஹோ. அவரே 1848இல் மேல் சிலேசியாவின் கொள்ளைநோயை ஆராய்ந்து, வறுமையையும் ஆட்சிமுறையையும் அதன் காரணங்களாகச் சுட்டினார். கண்மருத்துவம் அவரது உறைவுக் கோட்பாட்டை ஏற்றது. நோயாளியின் வாழ்நிலையை நோக்கும் அவரது பார்வையை அந்த அளவுக்கு ஏற்கவில்லை.

1890களில் லண்டனில் மார்க்கஸ் கன் விழித்திரையில் நாடியும் நாளமும் குறுக்கிடும் இடங்களின் மாற்றங்களை விவரித்தார். அங்கே இரண்டும் ஒரே உறையினுள் கிடப்பதால், தடித்த நாடி நாளத்தை நெரிக்கின்றது. நாடியைத் தடிக்கச் செய்யும் உயர் குருதியமுக்கமோ உடல் முழுவதற்கும் உரியது. அது ஒரு கண்ணோடு நிற்குமென எதிர்பார்க்க நியாயமில்லை. ஆயினும் நோயுற்ற கண்ணை மதிப்பிட, மற்றக் கண்ணையே நலமான அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் பல ஆய்வுகளில் நீடித்தது.

சாயத்தொழில் எழுச்சியுற்ற ஜேர்மனியில் பேயர் 1871இல் ஆக்கிய ஃபுளோரசீன், நொவொட்னி, அல்விஸ் என்போரின் 1961ஆம் ஆண்டுக் கட்டுரை வழியாக விழித்திரைக் குருதியோட்டத்தைப் படமாக்கும் சாயமாயிற்று. 2010களிற் பரவிய ஒளியியல் முறைக்குச் சாயமும் வேண்டியதில்லை. மயிர்க்குழாய்களின் அடர்த்தியையே அது அளக்கும். நோயற்றோரின் கண்களோடு ஒப்பிடுகையில், அடைப்பில்லாத மறு கண்ணிலும் அவ்வடர்த்தி குறைந்திருப்பதை இம்முறையிலமைந்த ஆய்வுகள் பல காட்டின. பார்வை மையத்தின் குருதிக்குழாயற்ற பகுதி அகன்றிருப்பதைச் சில கண்டன. முடிவுகள் எங்கும் ஒரே சீரானவையல்ல. எனினும் மறு கண்ணை அளவுகோலாக்கிய பழைய ஆய்வுகள் நோயின் தாக்கத்தைக் குறைத்து மதித்திருக்கக்கூடும்.

இது ஆய்வுமுறைச் சிக்கல் மட்டுமன்று. கண்ணினுட் செலுத்தும் விலையுயர்ந்த ஊசிமருந்து அடைபட்ட கண்ணின் வீக்கத்தைத் தணிக்கும். மறு கண்ணுக்கு வேண்டியதோ குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் ஆண்டுக்கணக்கிற் கண்காணிக்கும் பொதுச் சிகிச்சை. அது பெரும்பாலும் கண் மருத்துவப் பிரிவுக்கு வெளியிலேயே கிடைக்கவேண்டியுள்ளது.